எண்ணெய் நுழையாத வீடு

தரையிலிருந்து அறுபது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் இரண்டு நெம்புகோல்கள். காலுக்குக் கீழேயும் கண்ணாடிதான். டவர் கிரேன் ஓட்டும் அவருடைய பகல் முழுவதும் அதற்குள்ளேயே போகும். காலையில் ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். சாப்பாட்டு டப்பா கூடவே மேலே போகும். இயற்கை உபாதைக்கு ஒரு பாட்டில். இருபது வருடம் உழைத்தும் மேலாளர் ஆகவில்லை, மேலாள்தான் ஆனார் என்று தரையில் நின்று வழிகாட்டும் சிக்னல்காரர் ஒருநாள் வாக்கி டாக்கியில் கிண்டலடித்தார். அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

மேலாளுக்கு அந்த உயரத்தைப் பற்றி ஒருநாளும் பயம் இருந்ததில்லை. பயமெல்லாம் தட்டைப் பற்றித்தான். அவருடைய அப்பா நாற்பத்தேழாவது வயதில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பொரித்தது எதுவாக இருந்தாலும் அப்பாவுக்கு உயிர். "அந்த எண்ணெய்தான்டா அவரைக் கொன்னது" என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். மேலாளுக்கு இப்போது நாற்பத்தாறு.

அந்த வருடத்து மருத்துவப் பரிசோதனையில் கம்பெனி டாக்டர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "கெட்ட கொழுப்பு ஜாஸ்தியா இருக்கு. சாப்பாட்ட மாத்துங்க. ஆறு மாசம் கழிச்சு திரும்பப் பார்ப்போம். குறையலைன்னா உங்கள மேலே அனுப்பலாமான்னு யோசிக்கணும்."

எதை மாற்ற வேண்டும், எவ்வளவு மாற்ற வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. செய்தி வேலையிடம் முழுக்கப் பரவியது. "உங்களுக்குக் கொழுப்புன்னு நாங்க சொன்னப்ப கோபப்பட்டீங்களே அண்ணா, இப்ப டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு பாருங்க" என்றார் சிக்னல்காரர். எல்லோரும் சிரித்தார்கள். மேலாளும் சிரித்துவைத்தார். வீட்டுக்குப் போன முதல் வேலையாக, முக்கால்வாசி இருந்த எண்ணெய் டப்பாவைக் கொண்டுபோய் அடுக்ககத்தின் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் எண்ணெய் நுழையவில்லை. வெண்ணெய், முட்டை, மீன், கடலை என்று ஒவ்வொன்றாக வெளியே போனது. அவித்த காய், வடித்த சோறு, ஜாம் தடவிய ரொட்டி, சர்க்கரை போட்ட கறுப்புத் தேநீர். பசி அடங்காமல் வயிறு எந்நேரமும் இரைந்தது. அதற்கு கிரேன் பெட்டிக்குள் ஒரு பை நிறைய ஆரஞ்சு மிட்டாய் வைத்துக்கொண்டார். அதில் கொழுப்பு கிடையாதே.

"ஏங்க, தாளிக்கிறதுக்கு மட்டும் ஒரு சொட்டு விடட்டுமா?" என்று மனைவி முதல் வாரம் கேட்டாள்.

"ஒரு சொட்டுன்னுதான் எல்லாம் ஆரம்பிக்கும்."

"பாப்பாவுக்கு மட்டும் தனியா?"

"வாசனை வந்தா என்னால தாங்க முடியாது. எனக்கு அவ்வளவு மன உறுதி கிடையாது. ஆறு மாசம்தான, எல்லாரும் சேர்ந்து இருந்துடலாம்."

எல்லாரும் என்றால் அவர், மனைவி, பதினொரு வயது மகள். கேட்பதற்கு ஒற்றுமையாகத்தான் இருந்தது. ஆனால் வாணலியை அவரே முகர்ந்து பார்த்தார். கரண்டியை விரலால் தடவிப் பார்த்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். அந்த வீட்டில் மிஞ்சிய எண்ணெய் அது ஒன்றுதான். மனைவி கேட்பதை நிறுத்தினாள். மகளுக்கு உதடு வெடித்தது, கை கால் சாம்பல் பூத்தது. தட்டில் இருப்பதைக் கிளறிவிட்டு "பசிக்கல" என்று எழுந்துபோவாள். குழந்தைகள் அப்படித்தான் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஐந்தாவது மாதம், வேலை அவருடைய வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு கட்டடத்துக்கு மாறியது. பெட்டியிலிருந்து பார்த்தால் அவர்களுடைய அடுக்ககத்தின் மொட்டை மாடியும் அதில் வரிசையாக நிற்கும் தண்ணீர்த் தொட்டிகளும் தெரிந்தன. ஒருநாள் நாலு மணிக்கு ஒரு கட்டு இரும்புக் கம்பியைத் தூக்கித் திருப்பிக்கொண்டிருந்தார். தொட்டிகளுக்கு நடுவே பச்சைப் பள்ளிச் சீருடை ஒன்று அசைந்தது. பக்கத்தில் குத்துக்கால் இட்டு உட்கார்ந்திருந்த பெண் உருவம் மஞ்சள் துண்டை மடியில் விரித்திருந்தது. அந்தத் துண்டை அவர் அன்று காலையில்தான் கொடியிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார்.

இருவருக்கும் நடுவில் ஒரு வாணலி. மகள் குனிந்து அதிலிருந்து வேகவேகமாக வாயில் போட்டுக்கொண்டாள். மனைவி இரண்டு தரம் திரும்பி மாடிக் கதவைப் பார்த்தாள். சாப்பிட்டு முடித்ததும் மகள் விரல்களை ஒவ்வொன்றாக நக்கினாள். மனைவி துண்டின் நுனியால் அவள் வாயைத் துடைத்து, முகத்தருகே போய் முகர்ந்து பார்த்தாள். பிறகு இன்னொரு தரம் துடைத்தாள்.

"அண்ணா, இறக்குங்க" என்றது வாக்கி டாக்கி. "அண்ணா, கேக்குதா? கம்பி ஆடுது."

அவர் கை நெம்புகோலில் உறைந்திருந்தது. இறங்கி ஓட முடியாது, கொக்கியில் ஒரு டன் தொங்குகிறது. ஏணியில் இறங்கவே கால்மணி நேரமாகும். கண்ணை மூடவும் வழியில்லை. அந்தப் பெட்டியின் நான்கு பக்கமும் தன்னை நெருங்கி வருவதுபோல் முதன்முதலாகத் தோன்றியது. மூச்சை இழுத்து விட்டுவிட்டு, கம்பியை மெல்ல இறக்கினார்.

அன்று வீட்டில் அவித்த பூசணிக்காய். மனைவி அவர் முகத்தைப் பார்க்காமல் பரிமாறினாள். மகள் "பசிக்கல" என்றாள். அவர் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் தடுக்க வேண்டும், இல்லையென்றால் அனுமதிக்க வேண்டும். இரண்டுக்கும் நாக்கு எழவில்லை. மறுநாளும் நாலு மணிக்குக் கண் அந்தத் தொட்டிகளுக்குப் போனது. அதற்கு மறுநாளும். பெரும்பாலான நாட்கள் அவர்கள் வந்தார்கள். திருடன் என்று யாரைச் சொல்வது என்று தெரியாமல் அவர் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மிட்டாய்ப் பை மட்டும் காலியாகிக்கொண்டிருந்தது.

ஆறு மாதக் கெடு முடிந்து ரத்தம் கொடுத்தார். கெட்ட கொழுப்பு கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. நல்ல கொழுப்பு என்று ஒன்று உண்டாம், அது விழுந்திருந்தது. டிரைகிளிசரைடு என்ற இன்னொன்று ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. டாக்டர் புருவத்தைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, அடுத்த அறையில் இருந்த உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். சின்ன வயதுப் பெண். கடுமையான ஜலதோஷத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுறீங்க சார்? மறைக்காம சொல்லுங்க."

அவர் ஒப்புவித்தார். மிட்டாயையும் சேர்த்துத்தான். ஆறு மாதமாக ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை என்று முடிக்கும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"எலிக்குப் பயந்து வீட்டையே கொளுத்திட்டீங்க" என்றாள் அவள். "கொழுப்ப எடுத்தீங்க, சரி. அந்த எடத்துல சர்க்கரையையும் வெள்ளை ரொட்டியையும் கொண்டுவந்து கொட்டிட்டீங்க. செலவாகாம மிஞ்சுற சர்க்கரைய உடம்பு கொழுப்பா மாத்திடும். மேலே ஏறினது அதுதான்."

"அப்ப எண்ணெய் தப்பில்லையா?"

"எந்த எண்ணெய், எவ்வளவுங்கறதுலதான் இருக்கு. திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெய், வனஸ்பதி போட்ட பேக்கரி சாமான், இதெல்லாம் வேண்டாம். வெண்ணெயும் கொழுப்போட இருக்கிற கறியும் எப்பவாவது. ஆனா சமையலுக்கு ஒருத்தருக்கு நாளைக்கு மூணு, நாலு டீஸ்பூன் நல்ல எண்ணெய் வேணும். ஒரு சின்னக் கைப்பிடி கடலை. வாரம் ரெண்டு நாள் மீன், பொரிக்காம. காய்ல இருக்கிற சில சத்து கொழுப்பு இருந்தாத்தான் உள்ளயே போகும்." தும்மிவிட்டு நிமிர்ந்தாள். "வீட்ல வேற யார் இருக்காங்க? அவங்களும் இதேதான் சாப்பிடுறாங்களா?"

"ஆமா" என்றார். கையிலிருந்த பரிசோதனைக் காகிதத்தை மடித்துக்கொண்டே, "இல்ல. அவங்க மாடியில சாப்பிடுறாங்க" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். பச்சைச் சீருடை, துண்டு, வாயை இரண்டு தரம் துடைத்தது, எல்லாம். யாரிடமும் சொல்லாததை அந்த ஜலதோஷக்காரப் பெண்ணிடம் சொல்லி முடித்தபோது, அவள் எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

"வளர்ற பிள்ளைக்குக் கொழுப்பு கண்டிப்பா வேணும் சார். மூளைக்கும் வேணும், உடம்புக்கும் வேணும். உங்க வீட்டம்மா செஞ்சது தப்பே இல்ல."

வரும் வழியில் கடைக்குள் போய் அரை லிட்டர் கடலை எண்ணெய் எடுத்தார். திரும்ப அலமாரியில் வைத்தார். மறுபடி எடுத்தார். பின்னால் வரிசையில் நின்றவர், "எடுக்கறதுன்னா எடுங்க" என்றார்.

வீடு பூட்டிக் கிடந்தது. மணி நாலேகால். அவர் ஆறு மாடி ஏறி மொட்டை மாடிக் கதவைத் தள்ளினார்.

மனைவி வாணலியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மகள் வாயில் இருந்ததை மெல்லாமல் அப்படியே விழுங்கினாள். விழுங்கும்போது அவள் தொண்டை ஏறி இறங்கியதை அவர் பார்த்தார்.

"கீழ உட்கார்ந்து சாப்பிடலாமே" என்றார்.

"கீழ எங்கங்க சாப்பிடறது?" என்றாள் மனைவி. குரல் உயரவில்லை. "கீழ நீங்க இருக்கீங்களே."

அவர் கையில் இருந்த பையைத் தரையில் வைத்தார். எண்ணெய்ப் பாட்டில் சாய்ந்து உருண்டது. அவள் அதையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். பிறகு, எத்தனையோ நாள் அடக்கிவைத்தது மெதுவாக வெளியே வந்தது.

"பள்ளிக்கூடத்து நர்ஸ் சீட்டு குடுத்து விட்டாங்க. பாப்பா எடை ரெண்டு கிலோ இறங்கிடுச்சுன்னு. உங்ககிட்ட காட்டல. காட்டினா உங்களுக்கு நெஞ்சு வலிக்குமோன்னு பயம். வீட்டுக்குள்ள சாப்பிட்டா வாசனை நிக்கும், சாயங்காலம் வந்து நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு, பக்கத்து வீட்டக்கா அடுப்புல முட்டை போட்டு இங்க எடுத்துட்டு வருவேன். உங்க பயத்துக்கும் இவ பசிக்கும் நடுவுல நான் எங்க போறது சொல்லுங்க."

அவர் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாணலியில் பாதி முட்டை மிச்சம் இருந்தது. மஞ்சள் கரு வழிந்திருந்தது. "எனக்குக் கொஞ்சம் குடுக்கறியா கண்ணு?" என்றார். அவள் அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் வாணலியை நகர்த்தினாள். ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தார். ருசி நாக்கில் பட்டதும் கண் கலங்கியது. ஆனாலும் விழுங்கிய அடுத்த நிமிடம் கை தன்னால் மணிக்கட்டில் நாடியைத் தேடிப் போனது.

அதற்குப் பிறகு அளவு கரண்டி மனைவியின் கைக்குப் போனது. ஒருவருக்கு மூன்று டீஸ்பூன் என்று அவள் பிடித்த பிடி விடவில்லை. அவர் "இன்னைக்கு ரெண்டு போதுமே" என்று இழுத்தால், "நீங்க கிரேன் ஓட்டுங்க, இத நான் ஓட்டறேன்" என்பாள். மிட்டாய்ப் பையின் இடத்தில் ஒரு சின்ன டப்பாவில் கடலை மேலே போனது. நான்கு மாதத்தில் டிரைகிளிசரைடு பாதி வழி இறங்கியது, நல்லது கொஞ்சம் ஏறியது. கெட்டது மட்டும் பெரிதாக அசையவில்லை. "இது அப்பா வழியில வந்தது, சாப்பாட்டால மட்டும் போகாது" என்று டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மேலே போகும் அனுமதிச் சீட்டிலும் கையெழுத்துப் போட்டார்.

மகளுக்கு உதட்டு வெடிப்பு ஆறியது. இழந்த எடை திரும்பி, மேலும் ஒரு கிலோ ஏறியிருக்கிறாள். அவருக்கு வரும் மாதம் நாற்பத்தேழு பிறக்கிறது. பயம் போய்விட்டதா என்று சிக்னல்காரர் கேட்டால் போய்விட்டது என்பார். உண்மையில், ஒவ்வொரு கவளத்தையும் அது அவரோடு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறது.

ஆனால் அவரை அதிகம் வருத்துவது அதுவல்ல. மகள் சமையலறையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் சட்டென்று உள்ளே நுழைந்தால், இன்றும் அவள் கை தன்னால் தட்டை மூடுகிறது. மறுகணமே நினைவு வந்து எடுத்துவிடுகிறாள். அவர் பார்க்காதவர்போல ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்.