நான்கு விரல் இடைவெளி

சவரிமுத்து மல்லாந்து படுத்திருக்கிறார். நெஞ்சின் மேல் எவர்சில்வர் டம்ளர், டம்ளர் நிறையத் தண்ணீர். படுத்திருப்பது வீட்டுக் கட்டிலில் இல்லை. இரும்புக் குழாயும் தகடும் வைத்து அவரே செய்த இரண்டு சக்கர வண்டிக்குள். முன்னால் காசிலிங்கத்தின் பழைய ஜீப். "உருட்டுப்பா!" என்று உள்ளிருந்து குரல் வந்ததும் ஜீப் அந்த வண்டியை இழுத்துக்கொண்டு உப்பளத்து மண்சாலையில் இறங்குகிறது. பள்ளம், மேடு, ஒரு மதகு. திரும்பி வந்து நின்றதும் காசிலிங்கம் பின்கதவைத் திறந்து பார்ப்பது நண்பரின் முகத்தை அல்ல, சட்டையைத்தான்.

"எவ்ளோ ஊத்திச்சு?"

"கால் டம்ளர். நேத்து அரை. கொறஞ்சிருக்குது."

ஐப்பசி மழைக்கு முன்னால் உப்பு அம்பாரங்களுக்குக் கீற்று வேய்ந்துகொண்டிருந்த பெண்கள் முதல் நாள் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். டம்ளரும் கையுமாக ஒரு ஆள் படுத்துக்கொண்டே ஊர்கோலம் போனால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? யாருக்காக இந்தக் கூத்து என்று தெரிந்த பிறகு அவர்கள் சிரிப்பதில்லை. வண்டி போகும்போது குனிந்து தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள்.

மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உப்பளத்துக்குத் திரும்பும் முனையில் இருக்கிறது சவரிமுத்துவின் வெல்டிங் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. உப்பு லாரிகளின் அடிவயிறுதான் அவருடைய உலகம். லாரி வந்து நின்றால் டிரைவர் யார் என்று நிமிர்ந்து பார்க்கமாட்டார். குனிந்து அச்சைப் பார்ப்பார். அதன் மேல் அடுக்கடுக்காக வளைந்து பாரம் தாங்கும் கமான் பட்டைகளை விரலால் தட்டுவார். அடுத்து அவர் செய்வதைக் கண்டு புது ஆட்கள் திடுக்கிடுவார்கள். இரும்பை ஒரு விரலால் துடைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். "உப்பு இன்னும் போவல. நல்ல தண்ணில கழுவி இட்டாந்து வுடு" என்று வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். உப்பு ஒட்டிய இரும்பில் அவர் நெருப்பு வைப்பதில்லை.

இன்னொரு பிடிவாதம், போல்ட் போடமாட்டார். இந்தக் காற்றில் போல்ட்டும் நட்டும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் உதிர்ந்து சாலையில் விழும். ஆகவே சக்கரத்துக்கு மேல் மூடும் மட்காட் ஆனாலும் ஏணி ஆனாலும் ஓர் இடம் விடாமல் சுற்றிவரப் பற்றவைத்துவிடுவார். "போல்ட்டு போட்டா வாடக வூடுபா. வெல்டிங் அடிச்சாதான் சொந்த வூடு" என்பார். இந்தக் கடற்கரையில் எல்லாப் பட்டறைக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். கழற்றி மாட்ட வேண்டிய நாள் வரும் என்று எவரும் நினைப்பதில்லை.

இந்தச் சக்கர வீடு அவர் மனைவி ஆரோக்கியசெல்விக்காக. போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஆரோக்கியசெல்வி மகள் ரெஜினாவைக் கூட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போனார். சவரிமுத்துவுக்குப் பட்டறையில் வேலை இருந்தது, போகவில்லை. திருநாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், கடல் ஊருக்குள் வந்தது. இடுப்பெலும்பு நொறுங்கிய ஆரோக்கியசெல்வியை ஒரு தென்னை மரத்தடியிலிருந்து தூக்கினார்கள். நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ரெஜினா அதற்கப்புறம்தான் கிடைத்தாள். மனைவி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்க, சவரிமுத்து ஒற்றை ஆளாக நின்று, அந்த ஊர் மண்ணிலேயே பலரோடு ஒருத்தியாக மகளை அடக்கம் செய்துவிட்டு வந்தார். பெற்றவள் மகளின் முகத்தையும் பார்க்கவில்லை, மண்ணையும் பார்க்கவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். ஊரில் எல்லாரும் தங்கள் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஆரோக்கியசெல்வி கணவரிடம் கேட்டது ஒன்றுதான். "அன்னிக்கு ஒரு நாளாவது நான் எம்பொண்ணாண்ட இருக்கணுங்க."

கேட்பது எளிது. ஆரோக்கியசெல்வி கோல் ஊன்றிக் கொஞ்சம் நடப்பார். ஒரு காபி குடித்து முடிக்கும் நேரத்துக்கு மேல் அவரால் உட்கார முடியாது. ஒரு முறை வேனின் பின்சீட்டில் படுக்கவைத்துக் கிளம்பிப் பார்த்தார்கள். புதுச்சேரி வருவதற்குள் வலி தாங்காமல் அலறி, திரும்ப வேண்டியதாயிற்று. விடுதியில் தங்கித் தங்கிப் போகலாம் என்றால் மாடிப்படி ஏற முடியாது. அதனால்தான் சவரிமுத்து இதைச் செய்தார். உள்ளே ஒரு கட்டில், ஸ்டவ் வைக்க ஒரு மூலை, தண்ணீர்க் கேன், பக்கவாட்டில் இழுத்துக் கட்டத் தார்ப்பாய். வலித்தால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். அங்கேயே சமைத்து, அங்கேயே தூங்கி, விடிந்ததும் மறுபடி கிளம்பலாம்.

முதலில் பழைய லாரியின் பட்டைகளைப் போட்டார். உப்பு மூட்டை சுமந்த பட்டைகள் ஒரு பெண்பிள்ளையின் எடைக்கு எங்கே வளையும்? ஒவ்வொரு கல்லும் கட்டில்வரை வந்து இடித்தது. ஆரோக்கியசெல்வி பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லாத்தாங்க இருக்குது" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. அன்றைக்குத்தான் சவரிமுத்து டம்ளர் வழிக்கு வந்தார். மனைவி பொய் சொல்வார், டம்ளர் சொல்லாது.

பட்டைகளை ஒவ்வொன்றாக உருவினார். இளகிய பட்டைகளில் வண்டி மெத்தென்று போனது. டம்ளர் ததும்புவது குறைந்தது. ஆனால் கட்டிலும் ஸ்டவ்வும் தண்ணீரும் ஆளும் ஏறியதும் வண்டி கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டது. பள்ளத்தில் விழும்போதெல்லாம் டயர் எழும்பி மட்காட்டில் உரசியது. கர்ரென்று சத்தம், கருகிய ரப்பர் வாடை. இப்படியே போனால் கடலூர் தாண்டுவதற்குள் டயர் வெடிக்கும். மட்காட் இன்னும் நான்கு விரல் உயரத்தில் இருந்தால் போதும்.

காசிலிங்கம் சொன்னார்: "வெட்டித் தூக்கி வைப்பா. இது ஒரு வேலையா ஒனக்கு?"

ஆனால் ஒரு பக்கத்து மட்காட்டின் மேல் மஞ்சள் பெயிண்டில் கோணல் மாணலாக எழுதியிருந்தது: 'ரெஜினா துணை'.

அது சவரிமுத்துவோ பெயிண்டரோ எழுதியதல்ல. லாரி நெற்றியில் சாமி பெயரெழுதித் 'துணை' போடுவதைப் பார்த்துப் பார்த்து, மிச்சமிருந்த பெயிண்டை எடுத்து, பட்டறையில் கிடந்த ஒரு தகட்டில் ரெஜினாவே எழுதி வைத்தது. அப்போது வசவு வாங்கினாள், நல்ல தகட்டைக் கெடுத்துவிட்டாள் என்று. அந்தத் தகட்டைத்தான் சவரிமுத்து துணி சுற்றிய மரச்சுத்தியால் தட்டித் தட்டி, ஒரு துளி பெயிண்ட் உதிராமல் வளைத்து மட்காட் ஆக்கினார். வழக்கம்போலச் சுற்றிவரப் பற்றவைத்தார். எழுத்துக்கு ஓர் அங்குலம் மேலேதான் வெல்டிங் பற்று ஓடுகிறது.

இப்போது அதைக் கழற்ற வேண்டுமென்றால் கேஸ் கட்டர்தான் வைக்க வேண்டும். ரம்பம் நுழைய இடமில்லை. நெருப்பு பட்டால் தகடு சிவக்கும், பெயிண்ட் பொரிந்து உதிரும்.

"வேற மட்காட் போடு. இதைக் கழட்டி வூட்டுல பத்திரமா வச்சிக்க" என்றார் காசிலிங்கம்.

"கழட்டறதுக்கே நெருப்பு வைக்கணுமேடா!"

"பெயிண்டரை வச்சி மறுபடியும் எழுதிக்கலாம்."

"பெயிண்டரு எழுதுவான். எம்பொண்ணு எழுதுவாளா?"

எத்தனையோ லாரிகளின் மட்காட்டில் எத்தனையோ பிள்ளைகளின் பெயர்களை சவரிமுத்து யோசிக்காமல் அறுத்துப் போட்டிருக்கிறார். பீடி புகைத்துக்கொண்டே அறுத்திருக்கிறார். அந்தக் கை இப்போது மறுத்தது.

வேறு வழி தேடினார். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக்கட்டை வைத்து வண்டியைத் தூக்கினார். டயர் உரசவில்லை. டம்ளரும் பெரிதாகச் சிந்தவில்லை. 'இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமே' என்று முகம் மலர்ந்து, ஆரோக்கியசெல்வியை ஏற்றிப் படுக்கவைத்தார். உயரம் கூடிய வண்டி வளைவில் இப்படியும் அப்படியும் ஆடியது. நல்ல இடுப்புள்ளவருக்கு அது தாலாட்டு. ஆரோக்கியசெல்வி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "தூக்குதுங்க, தண்ணி தூக்குதுங்க, என்னை எறக்குங்க" என்று கத்தினார். ஜீப் நின்ற பிறகும் கத்தினார். அன்று சாயங்காலமே சவரிமுத்து கட்டையை உருவி எறிந்தார். தாழ்ந்தே இருக்க வேண்டும், மெத்தென்றும் இருக்க வேண்டும். மிச்சம் இருந்தது மட்காட் ஒன்றுதான்.

அப்புறம் சவரிமுத்து வேலை செய்வதுபோல் நடிக்கத் தொடங்கினார். தார்ப்பாய்க்குக் கொக்கி வைத்தார். வைத்த கொக்கியை இடம் மாற்றினார். கதவுக்குப் பெயிண்ட் அடித்தார். தினமும் படுத்து டம்ளர் வைத்துப் பார்த்தார், என்னவோ இன்னும் தெரிய வேண்டியிருப்பதுபோல. மனைவி கேட்டால், "மழை வுடட்டும் செல்வி", "ஜீப்புல ஒரு சாமான் போச்சு" என்று ஏதாவது ஒன்று. தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. மட்காட் மட்டும்தான் அவரைத் தடுத்தது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அந்த மண்ணை அவர் ஒரு முறை பார்த்திருக்கிறார். இரண்டாம் முறை மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'இங்கேதான்' என்று விரல் நீட்டிக் காட்ட வேண்டும்.

ஆரோக்கியசெல்விக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. காசிலிங்கமாகத்தான் இருக்கும். ஒரு நாள் காலை, தூறல் விட்டிருந்த நேரத்தில், கோலை ஊன்றி வீட்டிலிருந்து பட்டறைவரை தானாகவே நடந்து வந்துவிட்டார். சவரிமுத்து பதறி ஓடி வந்து முக்காலியைப் போட்டார். ஆரோக்கியசெல்வி உட்காரவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு, மட்காட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவி எடுத்தார். விரலெல்லாம் கறுப்பாக ரப்பர் தூள்.

"இதானா மழை?"

சவரிமுத்து கை துடைக்கத் துணி எடுத்து நீட்டினார்.

"பேரைப் பாத்துக்கினே இங்கியே ஒக்காந்துகினு இருக்கலாம்னா சொல்லுங்க, இருந்துடறேன். ஆனா அன்னிக்கு எல்லாரு கல்லறைலயும் ஆளு நிக்கும். அவளாண்ட யாரு நிப்பா? எங்கம்மா இன்னும் வரலியேன்னு அவ பாத்துக்கினு இருக்கமாட்டா?"

"எரிஞ்சிப் போயிடும் செல்வி. அவ எழுதினது அது ஒண்ணுதான் இருக்குது."

"அவளே அங்க இருக்கா. எழுத்த வச்சிக்கினு நான் இன்னாங்க பண்ணுவேன்?"

அந்த எழுத்தை ஆரோக்கியசெல்வி ஒன்றும் லேசாக நினைத்துவிடவில்லை. வண்டியில் ஏறி இறங்கும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர்தான்.

சவரிமுத்து வண்டியைச் சுற்றி வந்து மட்காட்டை ஒரு விரலால் துடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். குடத்திலிருந்து நல்ல தண்ணீர் எடுத்துப் பற்று ஓடிய இடத்தைக் கழுவினார். சாக்கு ஒன்றை நனைத்துப் பிழியாமல் கொண்டுவந்தார்.

"எழுத்து மேல ஈரச்சாக்கு போட்டு அமுக்கிப் புடிச்சா சூடு கீழ எறங்காது. கொஞ்சமாவது நிக்கும். காசிலிங்கத்தக் கூப்புடறேன், அவன் புடிப்பான்."

"அவரு எதுக்கு? நான் புடிக்கிறேன்."

"ஒன்னால ஒக்கார முடியாது."

"முடியும், வைங்க."

முக்காலியை வண்டியோரம் இழுத்துப் போட்டு ஆரோக்கியசெல்வியை உட்காரவைத்தார். ஒரு பழைய வெல்டிங் கண்ணாடியைத் துடைத்து மனைவிக்கு மாட்டிவிட்டார். 'ரெஜினா துணை'யின் மேல் சாக்கை விரித்து, அவருடைய வலது கையை எடுத்து அதன் மேல் வைத்து, எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினார். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். கேஸைத் திறந்து பற்றவைத்தார். சுடர் நீலமாகச் சிறுத்து நின்றது. அதைப் பற்றின் மேல் வைத்தார்.

தகடு சிவந்து, பொறி தெறித்து, வெட்டு மெல்ல நகர்ந்தது. முதல் எழுத்தைத் தாண்டி நடுவுக்கு வரும்போது சாக்கிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. சவரிமுத்து சுடரை எடுக்காமலே கத்தினார்.

"சுடும் செல்வி, கைய எடுத்துடு! நான் பாத்துக்கறேன், எடுத்துடு!"

ஆரோக்கியசெல்வி சொம்பிலிருந்த தண்ணீரைச் சாக்கில் கவிழ்த்தார். சொம்பைக் கீழே போட்டுவிட்டு, இடது கையையும் கொண்டுவந்து சாக்கின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.