ஹல்வேய்க் போட்ட கீறல்

ஏரிக்கரைப் பண்ணையின் ஹல்வேய்க் எதற்கும் சட்டென்று கலங்குகிறவள் அல்ல. ஐஸ்லாந்தின் குளிரில் தறி முன் நின்றே தேய்ந்தவள். பெற்ற பிள்ளையைப் புதைத்த மறுநாளும் ஆடுகளுக்கு வைக்கோல் போட்டவள். அப்படிப்பட்டவளை ஒரு பழைய ஈட்டி ஆட்டிப்படைத்தது.

கணவன் ஓர்ம் குளிர்காலம் முழுக்க இருமலோடு படுத்துவிட்டான். இளமையில் நார்வேயில் ஒரே ஒரு போர் பார்த்தவன். ஆயுதத்தால் சாகிறவனைத்தான் வானத்துக் குதிரைப்பெண்கள் தேர்ந்தெடுத்து, ஓடின் தெய்வத்தின் மண்டபத்துக்குக் கூட்டிப்போவார்கள். படுக்கையில் சாகிறவர்கள் கீழே ஹெல் என்பவளின் இருட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உயிர் பிரியுமுன் மார்பில் ஈட்டி முனையால் கீறிவிட்டால் அதுவும் போர்ச்சாவாகிவிடும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஓர்முக்கு ஈட்டியைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. அவள்தான் கீற வேண்டும்.

"ஈட்டி துருப்பிடிச்சுக் கிடக்கு. நாளைக்குத் தீட்டுறேன்," என்பாள்.

"நேத்தும் இதையேதான் சொன்னே. என்னடி, நான் வைக்கோல் படுக்கையிலயே சாகணுமா?"

"ஒரு சண்டை போட்டுட்டு என்னா பேச்சு! அதுலயும் பாதி நேரம் படகுக்கடியில ஒளிஞ்சிருந்தீங்களாம். உங்க தம்பியே சொன்னாரு."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது.

துரு வெறும் சாக்கு. தறி நெய்கிறவளை எந்தக் குதிரைப்பெண்ணும் கூப்பிடப் போவதில்லை. அவன் மேலே, அவள் கீழே. கீறினால் என்றைக்குமாகப் பிரிவு. கீறாவிட்டால் இருட்டிலாவது இரண்டுபேரும் சேர்ந்திருக்கலாம். இப்படி நினைக்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில் ஏரியில் அன்னங்கள் இறங்கின.

"வந்துட்டாங்க," என்றான் ஓர்ம். "அந்தக் குதிரைப்பொண்ணுங்கதான், அன்னச் சிறகைப் போத்திக்கிட்டு வந்திருக்காங்க. கீறிடு, ஹல்வேய்க்."

வருஷா வருஷம் வருகிற அன்னங்கள்தான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபின் அவளால் மறுக்க முடியவில்லை. கீறினாள்.

"வலிக்குதா?"

"கொஞ்சம். நல்லாத்தான் போட்டிருக்கே."

மதியத்துக்குள் மூச்சு அடங்கியது. ஈட்டியை அவன் பக்கத்தில் வைக்கப் போனவள் நின்றாள். தன் அங்கியை விலக்கி, அதே முனையால் தன் மார்பிலும் அதே இடத்தில் கீறிக்கொண்டாள். அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

அதன்பிறகும் நெடுநாள் வாழ்ந்தாள். வெந்நீர் ஊற்றில் குளிக்கும்போது அந்த வடுவைப் பார்த்த பெண்கள், அவள் அன்னமாக இருந்தவள் என்றும், ஓர்ம்தான் சிறகைப் பிய்த்து ஒளித்துவைத்து அவளைக் கட்டிக்கொண்டான் என்றும் கதை கட்டினார்கள். ஒருத்தி நேரிலேயே கேட்டாள்.

"அக்கா, சிறகு கெடச்சா பறந்துடுவியாமே?"

"அவரு எதையும் பிய்க்கல," என்றாள் ஹல்வேய்க். "மேல ஆளெடுக்க வர்றவங்களும் பொம்பளைங்கதானே. இதைப் பாத்தா என்னை எங்க கொண்டுபோய் விடணும்னு புரிஞ்சுக்குவாங்க."