ஜப்பான்காரர் கொடுத்த சைக்கிள்

ஏலகிரியிலிருந்து இறங்கி வந்த ஒருவர் என் டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்தார். குழாய்கள் சேரும் இடத்தில் பெயிண்ட் உரிந்து பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது.

"மலையேறுற சைக்கிள்ணே. அந்தக் காலத்துல ஜப்பான்ல பித்தளைய உருக்கிக் கையாலயே ஒட்டினது," என்றார்.

எனக்குத் தெரியும். சின்ன வயதில், ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு அப்படி ஒன்று வந்தது. தோல் கம்பெனியில் மிஷின் பொருத்த வந்த ஜப்பான்காரர், ஊர் திரும்பப் போகிறவர், கொடுத்ததாக அப்பா சொன்னார். அப்பா மேல் எப்போதும் தோல் வாடை. சைக்கிளில் அந்த வாடையே இல்லை. அம்மா அதை உள்ளே விடவில்லை.

"நெஜத்தச் சொல்லுய்யா. தூக்கினு வந்துட்டியா?"

"அவரு அண்ணன் கையால செஞ்சதாம். குடுத்தாரு."

"கையால செஞ்சத எவன்யா சும்மா குடுப்பான்? போலீஸ் வந்தா நாங்க இன்னா பண்றது?"

அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். காலையில் அம்மாவே அதைக் கம்பெனி வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். நானும் பின்னால் போனேன். ஜப்பான்காரர் வெளியே வந்து, குனிந்து வணங்கி, சைக்கிளை அம்மா பக்கமே திருப்பி வைத்தார்.

"எடுத்துனு போம்மா, அவருதான் குடுத்தாரு," என்று வாட்ச்மேன் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவிடம் கேட்டாள்: "சரி, நீ திருடல. அந்த ஆளுக்கு உன்கிட்ட இன்னா வேணும்?"

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்குறீங்களாண்ணே?" என்றார் ஏலகிரிக்காரர், டீயைக் குடித்து முடித்து.

எதற்குக் கேட்கிறார், என்னிடம் என்ன வேண்டும் என்று தெரியவில்லை. கிளாஸ் கழுவப் போய்விட்டேன்.