மருதடித்துறையும் என் எஞ்சின் அலையும்

எஞ்சின் படகு ஓட்டுகிறவனுக்குக் கண் முன்னால் இருக்கிறது; அவன் செய்கிற பிழையெல்லாம் பின்னால் நடக்கிறது. பஸ் ஓட்டியவர்கள், உழவு மிசின் ஓட்டியவர்கள், மழைநாளில் ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிள் விட்டு யாரோ ஒருவருடைய வேட்டியில் சேறடித்துத் திட்டு வாங்கியவர்கள் எல்லாரும் என் இனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களிடம் ஆகக்குறைந்தது பிரேக் இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

எழுபத்தொன்பதில், என்னுடைய இருபத்து நாலாவது வயதில், முல்லைத்தீவுப் பக்கம் மருதடித்துறையில் படகு ஓட்டத் தொடங்கினேன். ஆறு சின்ன ஆறு. இரண்டு வள்ளங்கள் எதிரெதிரே வந்தால் வள்ளக்காரர் கையை நீட்டி வெற்றிலை மாற்றிக்கொள்ளலாம். துறையிலிருந்து அரை மைல் கீழே போய்க் கடலோரக் களப்பில் விழும். களப்பைக் கடந்தால் பட்டினம், கடைகள், ஆஸ்பத்திரி. மாரியில் றோட்டு தண்ணீருக்குள் போய்விட்டால் எங்கள் சனத்துக்கு ஆறுதான் றோட்டு. மரக்கோல் ஊன்றும் வள்ளத்தில் ஒன்றரை மணித்தியாலம். என் எஞ்சினில் இருபது நிமிடம்!

என்னை முந்திக்கொண்டு போனது

முதல் நாளை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை குறுகுறுக்கிறது. கயிற்றை ஒரு இழுவை இழுத்தேன், எஞ்சின் பிடித்தது, படகின் மூக்கு எழும்பியது, களப்பு முழுவதும் எனக்கே எழுதித் தந்தது மாதிரி இருந்தது. கொக்குகள் எழும்பிப் பறந்தன. நான் பாடினேன் என்று நினைக்கிறேன். எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

துறைக்கு ஐம்பது யார் தூரம் இப்பால், ஆற்றுக்குள் ஒரு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். கம்படியில் எஞ்சினைக் குறைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் சொன்னபடி செய்கிற பிள்ளை. கம்பு வந்ததும் சடாரென்று குறைத்தேன். படகு நின்றது. ஆனால் அதுவரை எனக்குப் பின்னால் மரியாதையாக வந்துகொண்டிருந்த அலை நிற்கவில்லை. அது படகின் பின்பக்கத்தைத் தூக்கி, என்னை முந்திக்கொண்டு நேரே துறைக்குப் போனது. இறங்குதுறை சீமெந்து போட்ட சரிவு. அந்தச் சரிவில் ஏறி, அங்கே தோய்த்து வைத்திருந்த உடுப்புக் குவியலையும் எனாமல் பேசினையும் சவர்க்காரத்தையும் வாரிக்கொண்டு திரும்பியது. உடுப்புக்குச் சொந்தக்காரி வேலம்மா அக்கா, எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர். இடுப்பளவு நனைந்து நின்றவர் என்னைத் திட்டவில்லை. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏன் தம்பி, நீங்க வந்துட்டீங்க, சரி. ஒங்க பின்னாடியே வந்துச்சே, அது யாரு?”

மூன்று வரி

அந்த ஞாயிற்றுக்கிழமையே துறையில் கூட்டம் வைத்தார்கள். கூட்டத்தைக் கூட்டியவர் சின்னராசா அண்ணை. நாற்பது வயது, ஐந்து வள்ளக்காரருக்குத் தலைவர், வாய் மட்டும் ஐம்பது பேருக்குப் போதும். துறையைக் கொத்திச் சீமெந்து போட்டது அவருடைய ஆட்கள். கூட்டத்தை எழுதுகிறவர் பள்ளிக்கூட மாஸ்டர். அவரிடம் நாற்பது தாள் கொப்பி ஒன்று இருந்தது.

முடிவு இதுதான். எஞ்சின் அலையால் துறையில் யாருக்கும் இடைஞ்சல் வந்தால் கொப்பியில் ஒரு வரி. மூன்று வரி ஆனால் எஞ்சினுக்குத் துறை இல்லை. வேலம்மா அக்காவின் உடுப்பு முதலாவது வரி. அந்த ஆற்றில் வேறு எங்கும் படகைக் கரையில் ஏற்ற முடியாது. இரண்டு பக்கமும் கண்டல் மரங்களும் முழங்கால் சேறும். என் அக்காவின் புருஷன், அத்தான், தன்னுடைய லொறியைக் கொடுத்துவிட்டு எடுத்துத் தந்த படகு அது. துறை போனால் படகு போகும். படகு போனால் அத்தானின் முகத்தில் முழிக்க முடியாது. அதைவிட, எனக்கு அந்த எஞ்சினில் உயிர். மாஸ்டர் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்த சின்னராசா அண்ணை சொன்னார்:

“மாஸ்டர், அந்தத் தாளிலை மூண்டு வரிக்கு மேலை இடம் விடாதேங்கோ.”

சிரட்டைப் பரீட்சை

அதற்குப் பிறகு நான் எஞ்சினைப் படித்த மாதிரி பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமும் படித்ததில்லை. சனம் இல்லாத மத்தியான நேரத்தில் துறைச் சரிவில், தண்ணீர் விளிம்பில் ஒரு வெறும் தேங்காய்ச் சிரட்டையை வைப்பேன். கீழே போய்த் திரும்பி வருவேன். சிரட்டை இருந்த இடத்தில் இருந்தால் நான் பாஸ். மிதந்து போனால் ஃபெயில். முதல் வாரம் பதினேழு சிரட்டை களப்புக்குப் போய்ச் சேர்ந்தன.

கடைசியில் கண்டுபிடித்தேன்! கம்படியில் குறைப்பது பிந்திப்போன வேலை. ஆற்று வளைவிலேயே தொடங்க வேண்டும். ஒரேயடியாக அல்ல, கொஞ்சம் குறைத்து, அலை வந்து படகோடு சேர்ந்து அடங்கும்வரை பொறுத்து, பிறகு இன்னும் கொஞ்சம். அலையைக் கூட்டிக்கொண்டு வராமல் வழியிலேயே கரைத்துவிட்டு வரவேண்டும். சிரட்டை அசையாமல் இருந்த அன்று நான் துறையில் துள்ளிக் குதித்ததைப் பார்த்த எருமைகள் எழும்பி ஓடின. பயணிகளுக்குத்தான் இந்தப் புதுப் பழக்கம் பிடிக்கவில்லை. களப்பில் பறந்து வந்த படகு வளைவுக்கு வந்ததும் ஊரத் தொடங்கும். பட்டினத்தில் உரம் வாங்கிக்கொண்டு வந்த ஒரு கமக்காரர், எழும்பி நின்று கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தம்பி, என்னை இதிலை இறக்கிவிடும். நான் நடந்துபோய் நிண்டு, நீர் வரேக்கை கயிறு பிடிக்கிறன்.”

புறப்பாடு

வருவதில் நான் கெட்டிக்காரனாகிவிட்டேன். போவதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை, நான் உட்பட. ஒரு காலை மாஸ்டர் கிளிநொச்சியில் ஒரு பெரிய கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளை சேட், கக்கத்தில் கொப்பியும் குடையும். பட்டினத்துக்குப் போய் பஸ் எடுப்பதற்காக என் படகின் அடுத்த ஓட்டத்துக்குத் துறைச் சரிவில் காத்து நின்றார்.

இந்த ஓட்டத்துக்கு ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். படகைத் திருப்பினேன். படகின் மூக்கு களப்புப் பக்கம், எஞ்சின் துறைப் பக்கம். அன்று காற்று நல்ல காற்று, மனம் நல்ல மனம்; முறுக்கிவிட்டேன் முழுதாக! எஞ்சின் தண்ணீரை மட்டும் அடிக்கவில்லை. துறையடியில் பத்து வருசமாகப் படுத்துக்கிடந்த கறுத்தச் சேற்றையும் எழுப்பி அடித்தது. திரும்பிப் பார்த்தால், மாஸ்டர் நின்ற இடத்தில் ஒரு கறுத்த ஆள் நிற்கிறார். படகைத் திருப்பி, இந்த முறை மிக மிக மெதுவாக, கரைக்கு வந்தேன். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கொப்பியைத் திறந்து ஈரத் தாளில் கவனமாக இரண்டாவது வரியை எழுதினார். நான் தலைகுனிந்து நின்றேன். பேனையை மூடிக்கொண்டு அவர் சொன்னார்:

“வாறதுக்குச் சட்டம் போட்ட நாங்கள் போறதுக்குப் போட மறந்துபோனம். பிழை எங்கடையும்தான், ஆனால் வரி உம்மடை பேரிலை.”

அயலூர்ப் படகு

ஒரு வரிதான் மிச்சம். நான் துறைக்குள் கோயிலுக்குள் போகிற மாதிரி போய்வரத் தொடங்கினேன். அப்படி ஒரு நாள் படகைக் கரையில் கட்டிவிட்டு, புதுப் பலகை ஒன்றை அறைந்துகொண்டிருந்தேன். எங்கிருந்தோ ஒரு அயலூர் எஞ்சின் படகு, ட்ரான்சிஸ்டரில் பாட்டு அலற வந்தது; வளைவில் குறைக்கவில்லை, கம்படியிலும் குறைக்கவில்லை. நான் நெஞ்சளவு தண்ணீருக்குள் பாய்ந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, “டேய், துறை இருக்கிறது கண்ணுக்குத் தெரியேல்லையோ? ஆற்றை வாங்கிப்போட்டியளோ?” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர்கள் கையசைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அலை வந்து என் படகுக்குள் ஏறி, ஆணிப் பெட்டியையும் என் சாப்பாட்டுப் பார்சலையும் மிதக்கவிட்டது. மரத்தடியில் இருந்த சின்னராசா அண்ணை ஆற அமர எழும்பி வந்தார்.

“இப்ப சொல்லும் பாப்பம் எஞ்சின்காரர், ஈரம் எப்பிடி இருக்கு?”

வேகமாக வா

அடுத்த கார்த்திகையில் மழை எட்டு நாள் விடவில்லை. மேலே குளத்துக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். ஆறு பெருகி, வேலம்மா அக்காவின் ஆட்கள் பள்ளத்தில் போட்டிருந்த குடியேற்றத்து வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. அன்று காலை நான் பட்டினத்தில் ஆட்களை இறக்கிவிட்டு வெறும் படகோடு ஆற்று வாய்க்கு வந்தபோது, கரையில் இரண்டு பேர் சால்வையை வீசிக் கூப்பிட்டார்கள். சின்னராசா அண்ணையின் மனைவி தங்கம் அக்காவை வயல் வரம்பில் புடையன் பாம்பு கடித்துவிட்டது. துறையில் வைத்திருக்கிறார்கள். ஓடு, ஓடு!

முழு வேகம். எதிர் வெள்ளம். மரக்கட்டைகளும் குப்பையும் மிதந்து வருகின்றன. வளைவைத் திரும்பினேன். எனக்கும் துறைக்கும் நடுவில் ஒரு வள்ளம், சின்னராசா அண்ணையின் வள்ளம், அவருடைய ஆள் ஒருவர் கோல் ஊன்றுகிறார். பள்ளக் குடியேற்றத்திலிருந்து ஏற்றிய பதினாலு பேர். மடியில் குழந்தைகள், தலையில் சட்டி பானைகள். விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல் இடைவெளி. முன்னால் இருந்தவர் வேலம்மா அக்கா. அவர் என் எஞ்சினைப் பார்த்தார். ஒரு கையால் பேரப்பிள்ளையை அணைத்துக்கொண்டு மறுகையால் விளிம்பைப் பிடித்தார். துறையில் தங்கம் அக்காவைக் கைகளில் ஏந்திக்கொண்டு சின்னராசா அண்ணை கத்துகிறார்: “வேகமா வாடா! ஓடி வா!”

நான் குறைத்தேன். கொஞ்சம். பொறுத்தேன். இன்னும் கொஞ்சம். வெள்ளம் எதிர்த்துத் தள்ளியதில் படகு நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. முறுக்கு, முறுக்கு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. “ஏனடா ஊருறாய்? அவள் சாகிறாளடா!” என்று கத்திக்கொண்டே அவர் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். எனக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டுதான் ஓட்டினேன். வள்ளம் எனக்கு முன்னமே துறைக் கரையோடு அணைந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. தங்கம் அக்காவை ஏற்றினோம். குழந்தைகள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வளைவு வரைக்கும் திரும்பவும் மெதுவாகத்தான் போனேன். மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சின்னராசா அண்ணை என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“இவளுக்கு ஏதும் நடந்துதெண்டால், உனக்குக் கொப்பி தேவையில்லை.”

மூன்றாவது வரி

களப்பில் நான் அன்று ஓடிய ஓட்டம் போல் அதற்கு முதலும் ஓடவில்லை, பிறகும் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்து மூன்றாம் நாள் தங்கம் அக்கா கண் திறந்து, வீட்டில் கோழி அடைத்தாயிற்றா என்று கேட்டாவாம். செய்தி வந்ததும் நான் படகுக்குள் படுத்துச் சிரித்தேன். ஆனால் சின்னராசா அண்ணை என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. தங்கம் அக்கா வீட்டுக்கு வந்த வாரமே, ஞாயிறு கூட்டம் என்று சொல்லி அனுப்பினார். மூன்றாவது முறைப்பாடு ஒன்று இருக்கிறதாம்.

போனேன். எஞ்சினைக் கழற்றித் துடைத்து, சாக்கில் சுற்றி வைத்துவிட்டுத்தான் போனேன். வள்ளக்காரர் ஐந்து பேரும், வேலம்மா அக்காவும் பள்ளக் குடியேற்றத்துச் சனமும் வந்திருந்தார்கள். மாஸ்டர் கொப்பியை விரித்து, யார் பேரில் முறைப்பாடு என்று கேட்டார். என் பெயரைச் சொல்ல நானே வாயைத் திறந்தேன். சின்னராசா அண்ணை கையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னார். அவ்வளவு மெதுவான குரலில் அவர் கதைத்து நான் கேட்டதில்லை.

“எழுதுங்கோ மாஸ்டர். அண்டைக்கு வேகமா வா எண்டு கத்தினது நான். என்ரை வள்ளத்திலை பதினாலு சனம் இருந்தது எனக்குத் தெரியும். விளிம்பு வரைக்கும் தண்ணியிலை தாண்டு வந்ததும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் கத்தினனான். மூண்டாவது வரியிலை என்ரை பேரை எழுதுங்கோ.”

அதற்குப் பிறகு எட்டு வருசம் அந்த ஆற்றில் ஓட்டினேன்: எஞ்சினைக் கிளப்ப எனக்கு ஒரு முழக் கயிறு போதுமாயிருந்தது, மெதுவாக்கத்தான் ஒரு ஊர்ச் சனமே தேவைப்பட்டது.