மச்சானும் மாப்பிள்ளையும் ஒரு ஸ்பீக்கர் கேபிளும்

டெலிபோன் இலாகாவில் முப்பத்தொரு வருஷம் கேபிள் ஜாயின்ட்டராக இருந்தவரிடம் போய்க் கம்பியைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது. எடுத்தால் அன்றைய பொழுது அவ்வளவுதான். ரோட்டோரக் குழிக்குள் இறங்கி, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, அறுந்த கேபிளின் நூற்றுக்கணக்கான கம்பிகளை நிறம் பார்த்துப் பிரித்து, ஜோடி ஜோடியாக முறுக்கிச் சேர்த்து, மெழுகு பூசிய நூலால் கட்டிவிட்டு மேலே வருவது அவர் வேலை. நூல் கட்டுவதில் அவருக்கென்று ஒரு பாணி. மூன்று சுற்று, ஒரு மடக்கு, நுனியை உள்ளே செருகி ஒரு இழுப்பு. டார்ச் அடித்துப் பார்க்கும் சூப்பர்வைசர், "இது நம்ம ஜாயின்ட்டர் கட்டு" என்று கையெழுத்தைக் கண்டுபிடித்ததுபோலச் சொல்வார். ரிட்டயரான பிறகும் பழைய பேப்பரோ துணி மூட்டையோ, எதைக் கட்டினாலும் கை அந்தக் கட்டைத்தான் போடும்.

அவருக்கு ஒரே தங்கை. தங்கையின் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடுகளவு திருகைக்கூடத் தடவாமல் மாட்டுகிற மனிதர், பாட்டென்றால் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஜாயின்ட்டர் அந்த மூன்றாவது மாடி வீட்டுக்குப் போய்விடுவார். போனதும் ஒரு டீ, பிறகு மாப்பிள்ளையோடு மத்தியானம்வரை வாய்ச்சண்டை. அரசியல், மழை, கத்தரிக்காய் விலை, எது கிடைத்தாலும் சரி. தங்கை நடுவில் வந்து இரண்டு பேரையும் ஒரு அதட்டுப் போட்டால் சாப்பாடு தயார் என்று அர்த்தம். அது ஒரு காலம். இனிமேல் வரப்போவதில்லை.

அப்போதெல்லாம் மாப்பிள்ளை ரேடியோ முன்னால் மைக்கை வைத்துக் கேசட்டில் பாட்டுப் பிடிப்பார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் தும்மக்கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்கறி வாங்கப் போன தங்கை தெருமுனையில் அண்ணனைப் பார்த்துவிட்டு முன்னாலேயே மாடியேறி ஓடிவந்து, நல்ல பாட்டு ஒன்று பாதியில் இருக்கும்போது, "ஏங்க, அண்ணன் வந்தாச்சு. பாட்டைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்றாள். அத்தனையும் கேசட்டில் ஏறிவிட்டது. மாப்பிள்ளை இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பல வருஷம் கழித்து அவள் போய்ச் சேர்ந்தபோது, அவள் குரல் என்று உலகத்தில் மிஞ்சியது அந்த ஒரு வரிதான்.

அதற்குப் பிறகும் ஜாயின்ட்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் போனார். ஆனால் தங்கை இல்லாத வீட்டில் மச்சானுக்கு என்ன வேலை? இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சண்டை போடக்கூட மனசு வரவில்லை. அடுத்த வாரம் வரமுடியாது என்று சொல்லிவிடலாமா என்று படியிறங்கும்போதெல்லாம் நினைப்பார்.

அந்த நேரத்தில்தான் அந்தக் கேபிள் வந்தது. மாப்பிள்ளை இரண்டு ஸ்பீக்கருக்கும் கறுப்புத் துணியுறை போட்ட, கட்டைவிரல் தடிமன் கேபிள் வாங்கி மாட்டியிருந்தார். விலையைக் கேட்டதும் ஜாயின்ட்டருக்கு மூச்சு நின்று வந்தது. அவருடைய இரண்டு மாதப் பென்ஷன்.

"யாரோ உங்க காதுல நல்லாப் பூ சுத்திட்டான் மாப்ளே. செம்புன்னா செம்புதான். இந்த ஊரையே நான் கம்பியால கட்டினவன், எனக்குத் தெரியாதா?"

"நீங்க கட்டின போன்ல 'ஹலோ, ஹலோ, கேக்கலை'ன்னுதானே மச்சான் ஊரே கத்துச்சு?"

அவ்வளவுதான், பழைய ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்துவிட்டது. ஒரு வருஷம் அந்தக் கேபிளே பேச்சு. பாட்டு ஓட ஓட ஜாயின்ட்டர் கம்பி பாடம் நடத்துவார், மாப்பிள்ளை மறுப்பார். ஒருநாள் பேச்சு முற்றி, "உங்களுக்குக் காதே இல்லை மச்சான்" என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். ஜாயின்ட்டருக்குச் சுருக்கென்றது.

அடுத்த வாரம் சாதாரண விளக்கு வயரைக் கறுப்பு உறைக்குள் நுழைத்து, அச்சு அசலாக ஒரு ஜோடி செய்து பைக்குள் போட்டுக்கொண்டு போனார். மாப்பிள்ளை பால் வாங்கப் போன சமயம் பார்த்து மாற்றிவிட்டார். பாட்டைக் கேட்டு அவர் 'ஆகா' என்றதும் குட்டை உடைத்துவிடுவது என்பது திட்டம். மாப்பிள்ளையோ அன்றைக்கென்று தங்கை குரல் ஏறிய அந்தக் கேசட்டை எடுத்துப் போட்டார். மாட்டிக்கொள்வோமோ என்று ஜாயின்ட்டர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். பாட்டு ஓடியது. தங்கை வந்தாள். கம்மி பண்ணச் சொன்னாள். வழக்கம்போல மாப்பிள்ளையின் கை தானாகப் போய்ச் சத்தத்தைக் குறைத்தது.

"கேட்டீங்களா மச்சான்? பேசறதுக்கு முன்னால அவளுக்கு மூச்சு வாங்குது. படியேறி ஓடிவந்த மூச்சு. இன்னைக்குத்தான் கேக்குது."

ஜாயின்ட்டரும் கேட்டிருந்தார். சின்ன வயசிலும் அவள் அப்படித்தான், ஓடிவந்து மூச்சிரைக்க நிற்பாள். கண் கலங்கி நிற்கிற மனிதரிடம், அது விளக்கு வயர் என்று எந்த வாயால் சொல்வது?

சொல்லவில்லை. ஏழு வருஷம் சொல்லவில்லை. "இருந்தாலும் செம்புன்னா செம்புதான்" என்று வாரா வாரம் சண்டையை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டிருந்தார். உண்மை தெரிந்தால் மாப்பிள்ளை முகத்தில் விழிக்க முடியாது, தங்கை வீட்டுப் படியேற முடியாது. அந்தப் பயம் ஒருபக்கம் என்றால், நிஜக் கேபிளின் கதை இன்னொரு பக்கம். பீரோமேல் ஒளித்து வைத்ததை அவர் மனைவி கண்டெடுத்து, "நல்ல உறுதியான கயிறா இருக்கே" என்று பால்கனியில் துணி காயப்போடக் கட்டிவிட்டாள். ஏன் என்று கேட்டால் எல்லாம் வெளியே வரும். ஈரத் துண்டுகளைத் தாங்கியபடி அது வெயிலில் வெளுத்தது.

போன மாதம் மாப்பிள்ளை கடையைக் கொடுத்துவிட்டார். ஆறு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் மகள் வீட்டோடு போய் இருக்கப்போகிறார். "ஸ்பீக்கரைக் கழட்டிக் கட்டிக் குடுங்க மச்சான்" என்று ஜாயின்ட்டருக்குப் போன் வந்தது. கழற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும். பால்கனிக் கயிற்றை அவிழ்த்துச் சோப்புப் போட்டுத் துடைத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினார்.

மாப்பிள்ளை உள்ளறையில் கேசட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஜாயின்ட்டர் ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து கை வைத்தார்.

"அதைத் தனியா வைங்க மச்சான்," என்றது உள்ளறை வாசலிலிருந்து மாப்பிள்ளையின் குரல். "அது நீங்க கட்டினதாச்சே."

ஜாயின்ட்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கையில் இருந்த வயரின் நுனியில் உறையைச் சேர்த்துக் கட்டியிருந்த நூலைப் பார்த்தார். மூன்று சுற்று, ஒரு மடக்கு, உள்ளே செருகிய நுனி. பாழாய்ப்போன கை!

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"மறுநாளே. தூசி தட்டினேன், கண்ணுல பட்டுது."

"ஏன் சொல்லலை?"

மாப்பிள்ளை பக்கத்தில் வந்து தரையிலேயே உட்கார்ந்தார். "சொன்னா நீங்க ஜெயிச்சிருப்பீங்க. ஜெயிச்ச மனுஷன் மறு வாரம் எதுக்கு வரப்போறாரு? அவ போனப்புறம் சும்மா உட்கார்ந்திருந்தோமே, ஞாபகமிருக்கா? அது மறுபடி வந்துடுமோன்னு பயம் எனக்கு."

ஜாயின்ட்டர் வயரின் நுனியை விரலால் உருட்டினார். "அப்ப அன்னைக்குக் கேட்டுச்சே, அந்த மூச்சு?" என்றார்.

"அது எப்பவும் இருந்திருக்கும். அன்னைக்குத்தானே நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க."

முதலில் சிரித்தது ஜாயின்ட்டர்தான். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று அவருக்கே தெரியவில்லை. பையிலிருந்து வெளுத்த கேபிளை எடுத்து நீட்டினார். துணிக் கிளிப் கடித்த தழும்புகளை மாப்பிள்ளை கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். கேட்டுத் தெரிந்துகொண்டபோது அவருக்கும் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

கடைசியாக ஒருதடவை அந்த விளக்கு வயரையே மாட்டிக் கேசட்டைப் போட்டார்கள். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஏங்க, அண்ணன் வந்தாச்சு." மாப்பிள்ளையின் கை எழவில்லை, மடியிலேயே கிடந்தது. ஜாயின்ட்டர் எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தார்.

சாயங்காலத்துக்குள் ஸ்பீக்கர்கள் பெட்டிக்குள் போயின. ஜாயின்ட்டர் மட்டும் எல்லாக் கேபிளையும் சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அது இல்லாம அங்க எப்படி மச்சான் பாட்டுக் கேக்கறது?"

"நீங்க போய்ப் பெட்டியைப் பிரிச்சு வைங்க. ஞாயித்துக்கிழமை கொண்டாந்து மாட்டிவிடறேன்."

"எந்தக் கேபிளை?"

"ரெண்டையும்தான்," என்றார் ஜாயின்ட்டர். "எது உசத்தின்னு இன்னும் முடிவாகலையே."