கஸ்தூரி கையில் இருந்த சுவிட்ச்

சூடேறிய டிரான்ஸ்பார்மரில் வார்னிஷும் தூசியும் சேர்ந்து கருகுகிற வாசனை வந்தால், எனக்கு இன்றும் முதலில் வருவது பொறாமைதான். ராயபுரத்தில் நாலு குடித்தனத்துக்கு ஒரே மெயின் பியூஸ் இருந்த வீட்டில், என் அண்ணன் வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு பேசும் ஹாம் ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்கி, யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துப் போட்ட சாமான்களைக் கொண்டு அதற்குக் கரண்ட் கொடுக்க ஆயிரம் வோல்ட் 'சப்ளை' ஒன்று கட்டியிருந்தான். நேராகப் போட்டால் அது எடுத்த எடுப்பில் கரண்டை மொத்தமாக இழுக்கும், பியூஸ் போய்விடும். "இன்னா நைனா, உன்னோட ஒரே பேஜாரா பூட்ச்சு! வூடே இருட்டிக்கினு கீது!" என்று கீழ்வீட்டுக்காரர் கத்துவார்.

அதற்காக அண்ணன் கரண்ட் வரும் வழியில் ஒரு நூறு வாட் பல்பை வைத்தான். போட்டதும் பல்பு பளீரென்று எரியும்; சப்ளைக்குள் கரண்டைச் சேர்த்து வைக்கும் கண்டென்சர்கள் நிறைய நிறைய மங்கும். நன்றாக மங்கிய பிறகு கைப்பிடிச் சுவிட்சைத் தள்ளினால், கரண்ட் பல்பை விட்டு நேர்வழியில் போகும். அண்ணன் கண் மீட்டர் முள்ளில் இருக்கும் என்பதால் சுவிட்சுக்கு இன்னொரு ஆள் வேண்டும். கூடப் பிறந்தவள் நான் குத்துக்கல்லாட்டம் இருக்க, பக்கத்துப் போர்ஷன் கஸ்தூரியைக் கூப்பிட்டான்! "அவ கை நிதானம். நீ துறுதுறுன்னு கீற," என்றான். வயிறு எரிந்தது எனக்கு. அவளுக்கு ஒரு காய்ச்சல் வரக் கூடாதா என்று நான் வேண்டிக்கொள்ளாத சாமி ராயபுரத்தில் இல்லை.

வந்தது. சுவிட்ச் என் கைக்கு வந்தது. பல்பு பளீரென்றது; ஆனால் மங்கவே இல்லை. கொழும்பில் ஒருவர் பேசக் காத்திருந்த அவசரம் அண்ணனுக்கு. "போடுடீ!" என்று கத்தினான். "மங்கலண்ணா!" என்று நான் கையை எடுத்துக்கொண்டேன். நிறுத்திப் பார்த்தால் ஒரு கண்டென்சர் ஷார்ட் ஆகி நிறையாமலே இருந்தது. தள்ளியிருந்தால் பியூஸ் போயிருக்கும். அண்ணன் என் தலையைத் தடவியபோது மெச்சப் போகிறான் என்று நிமிர்ந்து நின்றேன்.

"கஸ்தூரி நல்லாத்தான் சொல்லிக் குடுத்துகீறா," என்றான்.

அடப்பாவி! அவள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லித் தந்ததில்லை.

அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். இன்றைய ரேடியோப் பெட்டிகளில் அந்த வேலையை ரிலே என்கிற சுவிட்ச் தானே பார்த்துக்கொள்கிறது, ஆளே வேண்டாம். அண்ணனும் போய்விட்டான். எனக்கு அண்ணியாகிவிட்ட கஸ்தூரியிடம் போன பொங்கலன்று கேட்டேன், பல்பு மங்கியதை எப்படி அவ்வளவு சரியாகக் கண்டுபிடித்தீர்கள் என்று.

"பல்பை யாருடீ பாத்தா?" என்று சிரித்தாள். "உங்கண்ணன் போடுன்னா போடுவேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு மட்டும் நான் வேண்டிக்கொண்ட காய்ச்சல் அவளுக்கு வராமல் இருந்திருந்தால், பியூஸ் போய் அவள் குட்டும் உடைந்திருக்கும்!