மிச்ச மூன்று பேர்

எங்கள் ஷயரில், அதாவது எங்கள் உள்ளூராட்சிப் பிரதேசத்தில், எந்தெந்த இனத்து மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று சொல்லும் வண்ணப் புத்தகம் ஒன்றை அப்பா ஒரு நாள் வேலையிலிருந்து கொண்டுவந்தார். மற்ற வீடுகளில் அப்பாமார் சொக்கிலேற் கொண்டுவருவார்கள். என் அப்பா அந்த ஷயர் கவுன்சிலில் ரோட்டு எஞ்சினியர், அவருக்கு அச்சடித்தது எதுவும் இனிப்புத்தான். சிட்னியிலிருந்து மேற்கே ஒரு பகல் முழுவதும் கார் ஓடினால் வரும் கோதுமைப் பிரதேசம் அது. ஒரு பெரிய தெரு, ஒரு சின்ன ஆஸ்பத்திரி, மனிதர்களைவிட அதிகமாகச் செம்மறிகள். எனக்கு அப்போது எட்டு வயது.

புத்தகத்தில் ஒரு வட்டத்தை வரைந்து துண்டு துண்டாகப் பிரித்திருந்தார்கள். பெரிய துண்டு ஆங்கிலேய, ஐரிஷ் வழி வந்தவர்களுக்கு. அடுத்தது அந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்கு. அதற்குப் பிறகு பஞ்சாப், நேபாளம், சீனா என்று நூல் மாதிரி மெல்லிய துண்டுகளாகப் போனது. அப்பா ஒவ்வொரு நூலுக்கும் ஆள் வைத்திருந்தார். பஞ்சாப் என்றால் பெற்றோல் நிலையம், நேபாளம் என்றால் முதியோர் இல்லத்துத் தாதிகள், சீனா என்றால் கிளப்புக்குள் இருந்த சாப்பாட்டுக் கடை. எல்லாவற்றையும் சரி பார்த்துக்கொண்டு கடைசிப் பக்கத்துக்கு வந்தவர் கதிரையை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். வீட்டில் தமிழ் பேசுவோர் ஆறு பேர் என்று அதில் இருந்தது.

"நாங்கள் மூண்டு பேர். அப்ப மிச்ச மூண்டு பேர் எங்க?" என்று குசினியைப் பார்த்துக் கேட்டார். குசினியில் நின்ற அம்மா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார்.

அம்மா பேசுவதை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. முற்றாக இல்லை. "சாப்பிடு", "குளி", "கதவைப் பூட்டு" என்பதெல்லாம் வரும். ஆனால் கதை வராது. முதலில் சிட்னியின் வெஸ்ட்மீட்டில் இருந்தபோது எனக்கு ஒரு தம்பி வரப்போவதாகச் சொன்னார்கள், பிறகு வரமாட்டான் என்றார்கள். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வீடு நிறைய அன்ரிமார் வந்தார்கள். ஏன் பாரம் தூக்கினாய், ஏன் இரவு வேலைக்குப் போனாய், முதலே சொல்லியிருந்தால் நேர்த்தி வைத்திருக்கலாமே என்று ஆளுக்கொரு கேள்வி. போகிற வழியில் அதையே அடுத்த வீட்டிலும் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அதன்பிறகுதான் அப்பா இந்த வேலையை எடுத்தார். பெரிய நகரங்களுக்கு வெளியே சில வருடங்கள் இருந்தால்தான் எங்களுக்கு நிரந்தர விசா.

அம்மாவின் வருத்தத்துக்கு அப்பா கண்டுபிடித்த காரணம் ஒன்றே ஒன்று: கதைக்க ஒரு தமிழ் மனுசி இல்லை. "இப்பிடியே போனால் எல்லாத்தையும் விட்டுட்டு சிட்னிக்குத் திரும்ப வேண்டியதுதான்" என்று யாரோடோ தொலைபேசியில் சொன்னதைக் கேட்டேன். அப்படிப் போனால் விசாவும் போய்விடும் என்பது எனக்கே தெரிந்திருந்தது. ஆகவே மிச்ச மூன்று பேரைக் கண்டுபிடிப்பது எங்கள் குடும்பத்தின் உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் நானும் தேடினேன். பழுப்பு முகம் என்னுடையதும் ஆதிக்குடிப் பிள்ளைகளுடையதும்தான். மற்றவர்கள் என்னை எந்த நாடு என்று கேட்டுவிட்டுப் பந்தடிக்கப் போய்விடுவார்கள். என் பக்கத்தில் இருந்த ஆதிக்குடிப் பெண் மட்டும் முதல் நாளே உன்னுடைய சனம் யார் என்று கேட்டாள். எங்கே தமிழரைக் கண்டாலும் அப்பா கேட்கிற கேள்வி. மூன்று பேர் என்றேன். அவள் சிரிக்கவில்லை, பாவம் என்பதுபோலப் பார்த்தாள். அவளுக்கு அந்த ஊரிலேயே எண்ண முடியாத மாமாக்கள் இருந்தார்கள். அன்றைக்கு நான் மதியச் சாப்பாட்டைத் தனியாக இருந்து சாப்பிட்டேன்.

அந்த மூன்று பேரும் இல்லாமலே இருந்திருக்கலாம் என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஆளை அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று, அந்தப் புத்தகத்து எண்கள் வந்த குடிசன மதிப்பில், சனத்தொகைக் கணக்கெடுப்பில், மிகச் சின்ன எண்களைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் போடுவார்களாம். அப்பா வாரக் கடைசிகளில் பெற்றோல் எரித்துத் தேடியது, யாரோ எங்களை ஒளித்து வைப்பதற்காகச் சேர்த்த ஆட்களை. இதை நான் இன்றுவரை அப்பாவிடம் சொல்லவில்லை.

ஒரு நாள் அப்பா வெற்றியோடு வந்தார். ஷயரின் மற்ற எல்லையில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த மோட்டலின் சொந்தக்காரி பெயரில் முதலியார் இருக்கிறதாம். "முதலியார் எண்டால் தமிழ்தானே! வேற ஆர் வைப்பினம்?" ஞாயிற்றுக்கிழமை அம்மாவை றோல்ஸ் பொரிக்க வைத்து, எனக்குச் சப்பாத்துப் போட வைத்து, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனார். வழி முழுவதும் அப்பாதான் பேசினார். அம்மா மடியில் இருந்த பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மோட்டல் அன்ரிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் பொட்டு, காலில் பூட்ஸ். அப்பா "வணக்கம், ஊரில எவடம்?" என்று தொடங்க, அவர் கைகூப்பி "வணக்கம்" என்றார். தமிழ் அதோடு முடிந்தது. மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னார். கரும்பு வெட்ட மதராஸ் பக்கத்திலிருந்து பிஜித் தீவுக்குக் கப்பலேறியவர் அவருடைய பூட்டனார். பெயர் மட்டும் தங்கிவிட்டது, வீட்டில் பேசுவது இந்தி. ஒரு மகன் சிட்னியில், கணவர் இல்லை.

அப்பாவின் முகம் விழுந்ததைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. றோல்ஸைக் கொடுத்துவிட்டு வந்த வழியே போவதா, வேண்டாமா என்று நின்றவர், முற்றத்தில் மழைத் தண்ணீர் ஓடும் கானைக் கண்டதும் உயிர் பெற்று, அதன் சரிவு பிழை என்று சொல்லி வெளியே போய்விட்டார். எஞ்சினியர்களுக்குத் துக்கம் வந்தால் பார்க்க ஏதாவது கான் இருக்கும்.

உள்ளே அன்ரி அறைகளுக்கான கட்டில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். அவை பெரியவை, தனி ஆளாக மடிக்க இரண்டு கையையும் விரித்து மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அம்மா போய் மற்ற முனையைப் பிடித்தார். இருவரும் கிட்ட வந்தார்கள், விலகினார்கள், மறுபடி கிட்ட வந்தார்கள். மூன்றாவதோ நான்காவதோ விரிப்பில் அம்மா பேசத் தொடங்கினார். தமிழில்.

முதலில் விரிப்பைப் பற்றித்தான். பிறகு வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி வார்டில் தான் செய்த வேலை, அன்ரிமார், அவர்கள் கேட்ட கேள்விகள். நான் பிஸ்கட்டோடு மூலையில் இருந்து தவித்தேன். அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, ஆள் மாறிப் பேசுகிறார் என்று பயந்தேன். உதவி செய்வதற்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அம்மா திரும்பாமலே, "நீ சும்மா இரு குஞ்சு" என்றார். அன்ரியும் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், வேண்டாம் என்று.

"அவன்ர முகத்தை நான் பார்த்தனான்" என்றார் அம்மா. "இவருக்கும் சொல்லேல்லை. பார்க்கேல்லை எண்டுதான் எல்லாருக்கும் சொன்னனான். மூக்கு இவளின்ர மூக்கு."

நான் என் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். வராத தம்பிக்கு எப்படி மூக்கு இருக்கும் என்று யோசித்தேன். அம்மா மடித்த தலையணை உறை ஒன்றை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்று அழுதார். அன்ரி கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்க அவருக்குச் சொல்லும் இல்லை.

அப்பா சேற்றுக் காலோடு திரும்பி வந்தபோது அம்மா சிவந்த கண்ணோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். காரில் ஏறியதும் அப்பா மெதுவாகக் கேட்டார், "என்ன, அவவுக்குத் தமிழ் தெரியுமோ?"

"கொஞ்சம் தெரியும்" என்றார் அம்மா. நான் பின்னால் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். வீடு வரும்வரை அம்மா நன்றாகத் தூங்கினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மோட்டல்தான். எங்கள் குசினியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. ஒரு தடவை அம்மா அப்பாவின் கான் பைத்தியத்தைக் கேலிகூடச் செய்தார். சிட்னிக்குத் திரும்பும் பேச்சு பிறகு எழவில்லை.

அடுத்த கோடையில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவனும் மனைவியும் தாதிகள், கையில் ஒரு குழந்தை. "நான் சொன்னனான்தானே, மிச்ச மூண்டு பேர்!" என்று அப்பா குதித்தார். புத்தகம் அச்சடித்தபோது அவர்கள் இந்தியாவில் இருந்தார்கள் என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். தங்கமான மனிதர்கள்.

"ஒரே பொண்ணாக்கா? இன்னொண்ணு பெத்துக்கலையா?" என்று குழந்தையோடு வந்த அக்கா கேட்டார்.

"இல்லையம்மா" என்று சிரித்தார் அம்மா. குழந்தையை வாங்கிக் கொஞ்சினார், திருப்பிக் கொடுத்தார். தேநீர் எடுக்க குசினிக்குப் போனவர் வர நேரம் பிடித்தது.

அந்த ஞாயிறு அம்மா வழக்கம்போல மோட்டலுக்குப் புறப்பட்டார். அப்பாவுக்குப் புரியவே இல்லை. பக்கத்துத் தெருவிலேயே தமிழ் ஆட்கள் வந்துவிட்ட பிறகு எதற்கு இவ்வளவு தூரம் என்று முணுமுணுத்துக்கொண்டு காரை எடுக்கப் போனார். எனக்கும் அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. எனக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், "அந்த அன்ரிக்கு நீங்கள் சொல்லுறது ஒண்டும் விளங்காதே அம்மா" என்றேன்.

"ஓம் குஞ்சு" என்றார் அம்மா. "அதுக்குத்தான் போறன்."

நான் கேட்டது அம்மாவுக்கு விளங்கவில்லை என்று நினைத்து, ஒவ்வொரு சொல்லாக, இன்னும் உரத்து, மறுபடியும் சொன்னேன்.